ஹைடுக்கு யாரும் கைதட்டுவதில்லை

‘அந்நியன்’ ஸ்டீவன்சனின் தழுவலா என்று கேட்டால் நேரடியாக இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் 1886-இல் வந்த ஜெக்கில்–ஹைட் கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 2005-இல் வந்த அந்தப் படம் வேறு மாதிரித் தெரிகிறது. தோ பாயோவில் நண்பன் வீட்டில், மைக்கில் சத்தம் விழுகிறதென்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க எங்கள் பாட்காஸ்ட்டுக்காக இதைத்தான் பேசினோம்.

“ரெண்டும் ஒண்ணுதான்டா. ஒரே உடம்புல வேற வேற ஆளு,” என்றான்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜெக்கில் மருந்தைத் தானே கலக்கிக் குடிக்கிறார். பேர் கெடாமல் ஆசையைத் தீர்த்துக்கொள்ள ஒரு வழி, அவ்வளவுதான். ஸ்டீவன்சனுக்கு இந்த வேஷம் புதிதில்லை. பகலில் கௌரவமான தச்சராகவும் இரவில் திருடராகவும் வாழ்ந்து 1788-இல் தூக்கிலிடப்பட்ட எடின்பரோக்காரர் டீக்கன் பிரோடியைப் பற்றி, ஹென்லியுடன் சேர்ந்து நாடகமே எழுதியவர் அவர். ஹைட் முதலில் மிதிப்பது ஒரு சின்னப் பெண்ணை. அதற்கு யார் கைதட்டுவார்கள்?

அம்பிக்கு இருப்பது வியாதி. அவன் எதையும் தெரிந்து செய்யவில்லை. உள்ளிருந்து வருபவனோ கருட புராணத்தைப் பார்த்துத் தண்டனை கொடுக்கிறான். தியேட்டரில் விசில். ஷங்கர் ஹைடை நீதிபதி ஆக்கிவிட்டார். என்னைக் கேட்டால் ஸ்டீவன்சனைவிட இதுதான் பயங்கரம்.

“இங்கதான் குப்பை போட்டாலே ஃபைன் இருக்கே, நமக்கெதுக்கு அந்நியன்?” என்ற நண்பன், கொஞ்சம் விட்டு, “ஆனா டிவில பாத்தப்ப நானும் கைதட்டுனேன்,” என்றான். அதை வெட்டாமல் வைத்திருக்கிறோம்.

படத்தின் முடிவைத்தான் யாரும் பேசுவதில்லை. குணமாகி வெளியே வந்த அம்பி, ஓடும் ரயிலிலிருந்து ஒரு குடிகாரனைத் தள்ளிவிடுகிறான். இந்த முறை தெரிந்தே. நந்தினியிடம் மறைக்கவும் செய்கிறான். அம்பி ஜெக்கில் ஆவது அங்கேதான்.