வீச்சுவலையும் ஒளிக்கற்றையும்

எங்கள் காட்டுப்பள்ளிக்கு ஒருபுறம் கடல், மறுபுறம் கழி. அந்தக் கழியில் எனக்கு வலை வீசக் கற்றுத் தந்தவர் என் தாய்மாமன். சில ஆண்டுகளுக்கு முன் அவர் தொண்டையில் புற்று கண்டது. எக்ஸ்-கதிர்ச் சிகிச்சை உயிரைக் காத்தது. ஆனால் உமிழ்நீர் வற்றிவிட்டது. மீன்குழம்புச் சோற்றைக்கூட இன்றும் தண்ணீர் குடித்துக் குடித்துத்தான் விழுங்குகிறார்.

நோயைச் சுட்ட கதிர் நல்ல சுரப்பியையும் ஏன் சுட்டது? இயற்பியல் வகுப்பில்தான் விடை கிடைத்தது. எக்ஸ்-கதிர் உடலில் நுழைந்து வெளியேறும் வரை வழியெங்கும் ஆற்றலைச் சிந்திச் செல்கிறது. புரோட்டானோ, தான் நிற்கும் இடத்தில்தான் பெரும்பகுதியை இறக்கி வைக்கிறது, அப்பால் செல்வதில்லை. முன்னது இழுவலை; பின்னது வீச்சுவலை.

இச்சிகிச்சை சென்னைத் தரமணியில் 2019-இல் வந்துவிட்டது. ஆயினும் புரோட்டானுக்கு 230 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரை விசையூட்டும் சைக்ளோட்ரான் 200 டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ளது. அதை ஊருக்கு ஊர் நிறுவ முடியுமா?

இங்கேதான் லேசர் நம்பிக்கை தருகிறது. ஒளித்துடிப்பை நீட்டி, பெருக்கி, மீண்டும் சுருக்கும் முறையை ஸ்ட்ரிக்லாண்டும் மூருவும் 1985-இல் வெளியிட்டனர். 2018-இல் நோபல் பரிசும் பெற்றனர். அத்தகைய துடிப்பை மெல்லிய தகட்டின்மேல் குவித்தால், எலக்ட்ரான்கள் பின்புறமாகப் பாய்ந்தோடுகின்றன. அங்கே மீட்டருக்கு லட்சம் கோடி வோல்ட் அளவில் மின்புலம் எழுகிறது. தகட்டின் பின்பரப்பில் ஒட்டியுள்ள அழுக்கிலிருக்கும் புரோட்டான்களை அது இழுத்து வீசுகிறது. அமெரிக்காவின் லிவர்மோரில் 2000-இல் 58 மெகா எலக்ட்ரான் வோல்ட் எட்டினர். ஜெர்மனியின் டிரெஸ்டனில் எட்டிய 150 என்னும் அளவு 2024-இல் வெளியாயிற்று. நம் நாட்டிலும் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் லேசரால் விரைவூட்டிய அயனிகளை நடுநிலை அணுக்களாக மாற்றி, 2013-இல் அறிவித்தனர்.

ஒரு குறை உண்டு. லேசர் வீசும் புரோட்டான்கள் ஒரே ஆற்றலுடையவை அல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆழத்தில் நின்றால், வீச்சுவலை மீண்டும் இழுவலையாகிவிடும் அல்லவா?

விடுமுறையில் இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். வலையின் கண்ணிகளைச் சரிபார்த்தபடியே கேட்டார்.

“எப்ப மாப்ளே நம்மகிட்ட வரும்?”

“இன்னும் நாளாகும் மாமா.”

“அப்போ நல்லாப் படி. வலை ஒரே வீச்சுல விரியாது. எனக்கும் கை பழக நாளாச்சு.”

அந்தச் சொல்லைத்தான் இப்போது என் பாடநூலின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.