ஜப்பானில் நம் கறி

ஜப்பானுக்குப் போய் வந்தவர்களைக் கண்டால் நம்மவர்கள் கேட்கும் முதற் கேள்வி அந்நாட்டுக் கோயில்களைப் பற்றியது அன்று; பூகம்பத்தைப் பற்றியதும் அன்று. "சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?" என்பதுதான். எங்களையும் பலர் கேட்டனர். "கறியும் சோறும் உண்டோம்" என்றோம். ஒருவரேனும் நம்பியதாகத் தெரியவில்லை. ஆயினும் அது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னே நெடிய கதை ஒன்று இருக்கிறது.

'நாங்கள்' என்பது இருவரைக் குறிக்கும். ஒருவர் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் கற்பிக்கும் வாத்தியார். மற்றவர் அவருடைய இல்லத்தரசியார். இவர் சரித்திரம் படித்தவரல்லர். ஆனால் குழம்பை முகர்ந்து பார்த்தே உப்புக் குறைவதைச் சொல்லக் கூடியவர். ஆகவே எங்கள் அபிப்பிராயங்கள் எல்லா இடத்திலும் ஒத்திருக்கும் என்று நேயர்கள் எதிர்பார்க்க வேண்டாம்.

டோக்கியோவில் முதல் நாள் நண்பகல், ரயிலடிக்கு அருகே ஒரு சிறு போஜனசாலையின் முன் நின்றோம். அந்நாட்டில் போஜனசாலை வாயில்களில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு பொம்மை செய்து வைத்திருக்கிறார்கள். மொழி தெரியாதவர்களுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை. ஒரு தட்டில் பாதி வெண்சோறு, மறு பாதி பழுப்பு நிறக் குழம்பு, ஓரத்தில் சிவந்த ஊறுகாய். பெயர் கேட்டோம். "கரே ரைஸு" என்றார் கடைக்காரர். வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்தது. 'கரே' என்பது நம் 'கறி' அல்லவா? பழந் தமிழ் நூல்களில் மிளகைக் குறித்த சொல் அது. பின்னர் சோற்றுடன் சேர்த்து உண்ணும் தொடுகறிக்கு ஆயிற்று. நம் கடற்கரையில் வந்திறங்கிய போர்ச்சுகீசியர் அதைக் 'கரில்' என்று கொண்டு போனார்கள். ஆங்கிலேயர் 'கரி' என்றார்கள். அவர்களிடமிருந்து ஜப்பானியருக்குப் போய்க் 'கரே' ஆயிற்று. பாதி உலகம் சுற்றிய தமிழ்ச் சொல் எதிரே தட்டில் ஆவி பறக்க வந்து நிற்கையில் யாருக்குத்தான் கர்வம் வராது?

கர்வம் இரண்டு நிமிஷம் நிலைத்தது. இல்லத்தரசியார் கரண்டி நுனியால் குழம்பைத் தொட்டு நாவில் வைத்தார். "வெல்லம் போட்ட மைதாக் கஞ்சி மாதிரி இருக்கிறது" என்றார். பின்பு, அதில் மிதந்த துண்டு எந்தப் பிராணியின் மாமிசம் என்று சைகையால் வினவினார். கடைக்காரர் முகமலர்ச்சியுடன் இரு விரல்களைத் தலைமேல் வைத்துக் கொம்பு காட்டினார்.

இல்லத்தரசியார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். நாங்கள் கோழியும் மீனும் உண்போம். மாட்டிறைச்சி உண்ணும் வழக்கமில்லை. அன்றைய போஜனம் வெறுஞ் சோறும் ஊறுகாயுமாக முடிந்தது. அந்த ஊறுகாயின் பெயர் 'புக்குஜின் ஜுகே'. பாக்கிய தேவதைகள் எழுவரின் பெயரால் வழங்குவது. அவ்வெழுவரில் ஒருத்தியாகிய பெந்தென் என்பவள் வீணை போன்ற வாத்தியத்தை ஏந்திய நம் சரஸ்வதியே. அவள் காப்பாற்றினாள் என்று சொல்லிக் கொண்டோம்.

இதில் விசித்திரம் என்னவென்றால், ஜப்பானியரும் ஒரு காலத்தில் மாட்டிறைச்சியை விலக்கியவர்களே. பௌத்த மதம் 6-ம் நூற்றாண்டில் கொரியா வழியாக அந்நாட்டை அடைந்தது. 675-ம் வருஷத்தில் தெம்மு சக்கரவர்த்தி ஓர் ஆணை பிறப்பித்தார்: சித்திரை முதல் புரட்டாசி வரை என்று நாம் கணக்கிடக் கூடிய மாதங்களில் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை ஒருவரும் உண்ணலாகாது. பின்வந்தோரும் இத்தகைய ஆணைகளைத் திரும்பத் திரும்ப விதித்தனர். திரும்பத் திரும்ப விதிக்க நேர்ந்ததிலிருந்தே, மறைவில் உண்டவர்களும் இருந்தார்கள் என்பது விளங்கும். காட்டுப் பன்றிக்கு 'மலைத் திமிங்கிலம்' என்று பெயரிட்டு மீன் கணக்கில் சேர்த்துவிட்ட சாமர்த்தியசாலிகள் அவர்கள்! எனினும், உழவுக்குதவும் மாட்டைக் கொன்று தின்பது தகாது என்னும் எண்ணம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வேரூன்றி நின்றது.

1853-ல் அமெரிக்கப் போர்க் கப்பல்கள் வந்து கதவைத் தட்டின. துறைமுகங்கள் திறந்தன. மேல்நாட்டாரின் பீரங்கியைக் கண்ட ஜப்பானியர், அவர்களுடைய பலத்துக்கு அவர்கள் உண்ணும் மாமிசமும் ஒரு காரணம் என்று கருதலாயினர். 1872-ம் வருஷத் தொடக்கத்தில் மெய்ஜி சக்கரவர்த்தியே மாட்டிறைச்சி புசித்தார் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. அதே வருஷத்தில் வெளிவந்த மேல்நாட்டுச் சமையல் புத்தகம் ஒன்றில் கறி செய்யும் முறை காணப்படுகிறது. வெங்காயத் தாள், இஞ்சி, பூண்டு, வெண்ணெய், பிறகு கோழி, இறால், மீன், சிப்பி, இவற்றோடு தவளை! இந்தப் பட்டியலை வாசித்துக் காட்டியபோது இல்லத்தரசியார் காதைப் பொத்திக் கொண்டார்.

புத்தரின் போதனையும் நம் நாட்டிலிருந்து சென்றது. கறியும் நம் நாட்டிலிருந்து சென்றது. முன்னது மாட்டிறைச்சியை விலக்கச் சொல்லிற்று. பின்னது மாட்டிறைச்சியோடு போய்ச் சேர்ந்தது. ஏனெனில் அதை ஏற்றிச் சென்ற கப்பல் நம்முடையதன்று. இங்கே கும்பினியாரின் உத்தியோகஸ்தர்கள் நூறு வகைக் குழம்புகளை உண்டு, அத்தனைக்கும் 'கரி' என்று ஒரே பெயர் சூட்டி, லண்டனுக்குத் திரும்பி, ஒரே பொடியாகப் புட்டியில் அடைத்தார்கள். மாவை வறுத்துச் சேர்த்துக் கெட்டியாக்கினார்கள். கிராஸ் அண்டு பிளாக்வெல் கம்பெனியின் அந்தப் பொடிதான் யோகோஹாமாவில் இறங்கிற்று. ஆகையால் ஜப்பானியர் வெகு காலம் அதை மேல்நாட்டு உணவென்றே மதித்தார்கள்.

டோக்கியோவுக்குத் தெற்கே யோகோசுகா என்ற கடற்படைத் துறைமுகம் இருக்கிறது. 1905-ல் ரஷ்யக் கடற்படையை முறியடித்த டோகோவின் 'மிகாசா' கப்பலைக் கரையில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதைக் காணப் போன நாங்கள், ஊர் முழுவதும் கறியின் கொடி பறப்பதைக் கண்டோம். இது மிகையன்று. 1999 முதல் அவ்வூர் தன்னைக் கறி நகரம் என்றே அழைத்துக் கொள்கிறது.

கடற்படைக்கும் கறிக்கும் என்ன சம்பந்தம்? அக்காலத்து மாலுமிகளைப் பெரிபெரி என்னும் வியாதி வாட்டியது. கால் வீங்கும், நடை தளரும், இருதயம் நின்றுவிடும். 'ரியுஜோ' என்ற கப்பல் 1883-ல் நெடும் பிரயாணம் முடித்துத் திரும்பியபோது, அதிலிருந்த 376 பேரில் 169 பேருக்கு இவ்வியாதி கண்டிருந்தது. 25 பேர் இறந்து போனார்கள். லண்டனில் வைத்தியம் படித்து வந்த தகாகி கனேஹிரோ என்ற கடற்படை வைத்தியர், தீட்டிய வெள்ளரிசிச் சோற்றையே பெரிதும் நம்பியிருப்பதுதான் காரணமென்று சந்தேகித்தார். மறு வருஷம் 'த்ஸுகுபா' என்ற கப்பலை அதே வழியில் அனுப்பி, மாமிசம், ரொட்டி, பார்லி முதலியவற்றைக் கொடுக்கச் செய்தார். பெரிபெரியால் ஒருவரும் சாகவில்லை. தரைப்படையின் வைத்தியர்களோ இதை ஒப்பாமல் வெள்ளரிசியையே போட்டார்கள். ரஷ்ய யுத்தத்தில் 20,000-க்கு மேற்பட்ட போர்வீரர்களை அவ்வியாதிக்குப் பறிகொடுத்தார்கள். படித்தவர்களின் பிடிவாதம் எந்நாட்டிலும் ஒன்றுதான்.

மாமிசம், காய்கறி, மாவு யாவும் ஒரே பாத்திரத்தில் அடங்கி, சோற்றின்மேல் ஊற்றப்படும் கறி, இத்தகைய ஆகாரத் திட்டத்துக்கு வெகு பொருத்தமாக அமைந்தது. 1908-ல் வெளியான கடற்படைச் சமையல் நூலில் அதன் முறை இருக்கிறது: மாட்டுக் கொழுப்பில் மாவை வறுத்து, கறிப்பொடி தூவி, உருளைக்கிழங்கும் வெங்காயமும் காரட்டும் மாடோ கோழியோ சேர்த்து வேகவைத்துச் 'சட்னி'யுடன் பரிமாறுவது. சட்னியும் அங்கே போயிருக்கிறது! இன்றும் ஜப்பானியக் கடற்படையில் வெள்ளிக்கிழமைதோறும் கறிச் சோறு உண்டு. நடுக்கடலில் கிழமை மறந்து போகாமலிருக்க இந்த ஏற்பாடு என்கிறார்கள். யோகோசுகாவில் இதைப் பச்சைக் காய்கறிகளோடும் ஒரு தம்ளர் பாலோடும் கொடுக்கிறார்கள். நாங்கள் காய்கறியைத் தின்று பாலைக் குடித்துவிட்டு எழுந்தோம்.

படையில் பழகியவர்கள் ஊர் திரும்பி வீட்டிலும் அதையே கேட்டார்கள். பிறகு அப்பொடியும் கொழுப்பும் மாவும் சேர்ந்த கட்டிகள் கடைக்கு வந்தன. 1963-ல் ஆப்பிளும் தேனும் கலந்த 'வெர்மான்ட்' கறிக்கட்டி வந்து குழந்தைகளை மயக்கிற்று. 1982 ஜனவரி 22-ம் தேதி, நாடு முழுவதும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரே நாளில் மத்தியான போஜனமாகக் கறிச் சோறு போட ஏற்பாடு செய்தார்கள். வாத்தியாருக்கு இந்தச் செய்தியில் ஒரு தனி ருசி.

ஆனால் ஜப்பானில் வேறொரு கறியும் இருக்கிறது. எங்கள் யாத்திரையின் உட்கருத்தே அதுதான்.

இருபது வருஷங்களாக வாத்தியார் பிள்ளைகளுக்கு ஸ்ரீ ராஷ் பிஹாரி போஸைப் பற்றிச் சொல்லி வந்திருப்பது அரை வாக்கியம்: "டில்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்சு மீது குண்டு வீசிய சதியில் சம்பந்தப்பட்டு, ஜப்பானுக்குத் தப்பிச் சென்றார்." பிள்ளைகளில் பாதிப் பேர் பரீட்சையில் அவரையும் நேதாஜியையும் ஒருவரென்றே எழுதி வைப்பார்கள். சிவப்பு மையால் அடிப்பதோடு வாத்தியாரின் கடமை தீர்ந்தது. தப்பிச் சென்றவர் அங்கே எங்கே உறங்கினார், எதை உண்டார் என்று அவர் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

1912 டிசம்பர் 23-ல் குண்டு வீசப்பட்டது. 1915-ல், ரவீந்திரநாதரின் உறவினர்போல் 'டாகூர்' என்ற பெயர் சூட்டிக் கொண்டு போஸ் ஜப்பானில் இறங்கினார். அப்போது ஆங்கிலேயரும் ஜப்பானியரும் நேசக்கட்சிக்காரர்கள். நவம்பர் மாத இறுதியில், டிசம்பர் 2-ம் தேதிக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டுமென்று அவருக்கு உத்தரவு பிறந்தது. கப்பலேறினால் ஆங்கிலேயர் கையில் அகப்படுவது நிச்சயம், அகப்பட்டால் தூக்குமரம். தோயாமா மித்சுரு என்ற செல்வாக்குள்ள பிரமுகரின் வீட்டுக்குள் அவர் நுழைந்தார். போலீஸார் முன்வாயிலில் காத்திருந்தனர். அவரோ பின்வழியாக வெளியேறிவிட்டார்.

போய்ச் சேர்ந்த இடம் ஷிஞ்சுகு பகுதியில் 'நாகமுராயா' என்ற ரொட்டிக் கடை. ரொட்டிக்கு ஜப்பானியர் 'பான்' என்கிறார்கள். யாழ்ப்பாணத்தார் 'பாண்' என்கிறார்கள். இரண்டும் போர்ச்சுகீசியர் விட்டுச் சென்ற சொல்லே. கடையின் சொந்தக்காரர் சோமா ஐசோ. அவர் மனைவி கொக்கோ ஆங்கிலம் அறிந்தவர். முன்பின் அறியாத ஓர் அந்நியனைக் கடைக்குப் பின்னிருந்த கட்டடத்தில் மாதக்கணக்கில் மறைத்து வைத்தார்கள். உத்தரவு நீங்கிய பின்னரும் உளவாளிகளுக்கு அஞ்சி அவர் இடம் மாறி மாறி வாழ நேர்ந்தது. 1918-ல் சோமா தம்பதிகளின் மூத்த மகள் தோஷிகோ அவரை மணந்தாள். பிடிபட்டால் இன்னது நேரும் என்று தெரிந்தே மணந்தாள். இரண்டு குழந்தைகளைப் பெற்று, 1925-ல், முப்பது வயதுகூட நிரம்பாமல் இறந்தாள்.

1927-ல் நாகமுராயா ஒரு போஜனப் பகுதியைத் திறந்தது. அதில் இந்திய முறைக் கறியைப் பரிமாற வேண்டுமென்று மாமனாருக்குச் சொன்னவர் போஸ். ஜப்பானில் வழங்கிய மாவுக் குழம்பை இந்தியக் கறியென்று எல்லாரும் நம்பியிருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. நாட்டைத்தான் ஆங்கிலேயன் எடுத்துக் கொண்டான்; நாட்டின் குழம்புக்கும் அவனா பொருள் சொல்வது? மாவு சேர்க்காமல், மசாலைகளை வகையறிந்து சேர்த்து, எலும்போடு கூடிய கோழித் துண்டங்களைப் போட்டுச் சமைக்கச் செய்தார். மற்றக் கடைகளில் 10, 12 சென்னுக்குக் கறிச் சோறு கிடைத்த காலத்தில் இங்கே விலை 80 சென். அப்படியும் ஜனங்கள் வந்து உண்டார்கள்.

அந்தக் கடை இன்றும் அதே ஷிஞ்சுகுவில் இருக்கிறது. இப்போது பெரிய மாளிகை. போஜனசாலை பூமிக்கு அடியில். கறி வரும்வரை எங்களுக்குள் ஒரு தர்க்கம். "எத்தனை பேர் கைமாறினாலும் கறி நம்முடையது" என்றார் வாத்தியார். "மிளகாய்?" என்று கேட்டார் இல்லத்தரசியார். வாத்தியார் மௌனமானார். மிளகாய் அமெரிக்காக் கண்டத்துப் பயிர், போர்ச்சுகீசியர் கொணர்ந்தது. மிளகைப்போல் காரமான காய் என்று நாமே அதற்குப் பெயரிட்டு, நாமே அதைச் சுவீகாரம் எடுத்துக் கொண்டோம். "அந்த ஊர்க்காரன் வந்து நம் வீட்டு வற்றக் குழம்பைப் பார்த்தால் அவனும் இப்படித்தான் சண்டை போடுவான்" என்றார் அவர். பதில் தோன்றவில்லை. ஆனால் எங்கள் மிளகாயைச் சரிபண்ண எந்த அமெரிக்கனும் தலைமறைவாக வந்து நம் வீட்டில் ஒளிந்திருக்கவில்லை என்று வாத்தியார் சற்று நேரம் கழித்துச் சொன்னார். அதை இல்லத்தரசியார் ஒப்புக்கொண்டார்.

போஸ் தாய்நாட்டை மறுபடி காணவில்லை. 1943 ஜூலையில் சிங்கப்பூரில் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை நேதாஜியிடம் ஒப்படைத்தார். அந்தச் சங்கத்திலும் படையிலும் மலேயாத் தோட்டங்களின் தமிழர்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள். 1945 ஜனவரி 21-ம் தேதி டோக்கியோவில் காலமானார். அதே வருஷம் அவருடைய மகன் ஒகினாவாப் போரில் மடிந்தான். சுதந்திரம் வர இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

கறி வந்தது. சோறு தனியே, குழம்பு தனியே, ஊறுகாய் வகைகள் தனியே. இல்லத்தரசியார் முன்போலவே கரண்டி நுனியால் தொட்டு நாவில் வைத்தார். நாங்கள் அவர் முகத்தையே பார்த்திருந்தோம் என்று எழுதக் கூடாது. 'நாங்கள்' என்பதில் அவரும் சேர்த்தி. வாத்தியார் பார்த்துக் கொண்டிருந்தார். "இன்னும் ஒரு மிளகாய் போட்டிருக்கலாம்" என்றார் அவர். பிறகு எலும்போடிருந்த துண்டத்தைக் கரண்டியால் இரு முறை புரட்டிப் பார்த்தார். சுற்றுமுற்றும் நோக்கினார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் எடுத்தார்.

பரிமாறிய பெண் இதைக் கண்டாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், ஈரத் துவாலைகள் இரண்டைக் கொணர்ந்து மேஜைமேல் வைத்துத் தலை வணங்கிச் சென்றாள்.