இரு நகரங்களின் பொழுது

நுங்கம்பாக்கத்தில் விடிந்து அரை நிமிடத்துக்குச் சற்றுப் பின்னரே எங்கள் பூந்தமல்லியில் விடிகிறது. ஒரு பாகைத் தீர்க்கரேகைக்கு 4 நிமிடம் என்பது கணக்கு. ஊருக்கு ஊர் பொழுது வேறு என்பதைக் கடிகாரம் நமக்கு மறக்கடித்துவிட்டது.

1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வகம் கணித்த சென்னை நேரமே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்களை ஓட்டியது. 1881இல் ஆளுநர் ஃபெர்குசன் அதனைப் பம்பாயின் அரசு அலுவலகங்களில் புகுத்த முயன்றார். இரண்டுக்கும் இடைவெளி அரைமணி. நம் பழைய கணக்கில் ஒன்றேகால் நாழிகை. நகரம் சினந்தது, முயற்சி கைவிடப்பட்டது.

1906 ஜனவரி 1 அன்று இந்தியத் திட்ட நேரம் வந்தது. சென்னை இசைந்தது. பம்பாயில் பஞ்சாலைத் தொழிலாளர் கொதித்தெழுந்தனர். அந்நகரின் சொந்த நேரம் முற்றாக மறைய 1955 ஆயிற்று.

சென்னைக்குப் பொறுமை, பம்பாய்க்கு ரோஷம் என்று நகரங்களுக்குக் குணம் வகுப்பார் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சென்னைக் கடிகாரம் முன்னே தள்ளப்பட்டது ஏறத்தாழ 9 நிமிடம். பம்பாய்க் கடிகாரமோ 39 நிமிடம். இருளில் எழுந்து ஆலைக்கு ஓடுபவனுக்கு அது உறக்கத்தில் விழுந்த வெட்டு. இழப்புச் சிறிதானவனின் அமைதியைப் பண்பென்று போற்றுதல் முறையன்று.

அமெரிக்கப் பகலுக்காக இங்கே இரவெல்லாம் விழித்திருந்து, விடியலில் வண்டியிறங்கும் என் பழைய மாணவர்களைப் பார்க்கிறேன். எவரும் சினப்பதில்லை. அதையும் நம்மவர் பொறுமை என்றே சொல்லிவிடலாமா?