ராத்திரி ஆனா அணையுற கேமரா

மாமாவுக்கு நாமக்கல் பக்கத்துல முட்டைக்கோழிப் பண்ணை. பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப வாசல்லயே பிடிச்சுக்கிட்டார்.

"மாப்ள, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே? இந்தக் கேமராவ என்னன்னு பாரு. அந்தாளு ராத்திரி ஆனா ரெண்டு கேமராவ நிறுத்திப் போடறான்."

நான் சாஃப்ட்வேர்ல ஆணி புடுங்குறவன், கேமராவுக்கும் எனக்கும் சம்பந்தமில்லைன்னு சொன்னா ஊர்ல யார் கேக்கறாங்க? பிரிண்டர் ரிப்பேர்லேர்ந்து கரண்ட் பில் கட்டுறது வரைக்கும் நம்ம தலையிலதான் :-)

'அந்தாளு'ன்னு சொன்னது காவலுக்கு இருக்கிற பெரியவரை. பதினோரு வருசமா பண்ணையிலதான் இருக்கார். முட்டைக் கணக்குல தினம் ரெண்டு மூணு அட்டை குறைஞ்சிருக்கு. ரெக்கார்டிங்கைப் போட்டுப் பாத்தா, எட்டு கேமராவுல ஏழாவதும் எட்டாவதும் சாயங்காலம் ஆறே முக்காலுக்கு அணையுது, காலையில ஆறரைக்குத் தானா வந்துடுது. அந்த ரெண்டும் இருக்கிற இடம் முட்டை ரூம் வாசலும் கேட்டும். பெரியவர் காவல் இருக்கிற நேரமும் அதேதான். கேமரா போட்ட பையன் ரெண்டு தடவை பட்டப்பகல்ல வந்து பாத்துட்டு, "எல்லாம் ஓடுதுங்க, யாரோ ஒயரைப் புடுங்கறாங்க"ன்னுட்டுப் போயிருக்கான். போதாதா? தை முடிஞ்சதும் கணக்கு முடிச்சு அனுப்பிடலாம்னு மாமா பணமே எடுத்து வெச்சுட்டார்.

எட்டு ஒயரும் வந்து சேர்ற இடம் சுவத்துல மாட்டின ஒரு சின்னப் பொட்டி. அதுதான் சுவிட்ச். லைட் போடற சுவிட்ச் இல்லைன்னு மாமாவுக்குப் புரிய வைக்கவே பத்து நிமிசம் ஆச்சு. பழைய 'ஹப்' தண்டோரா மாதிரி, ஒருத்தருக்கு வந்த சேதியை ஊருக்கே கத்தும். சுவிட்ச் போஸ்ட்மேன் மாதிரி, எந்த போர்ட்ல எந்த மெஷின்னு குறிச்சு வெச்சுக்கிட்டு அங்க மட்டும் கொண்டுபோய்க் குடுக்கும். 1990ல முதல் ஈதர்நெட் சுவிட்சை வித்த அமெரிக்கக் கம்பெனியோட பேரு கல்பனா! ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான வினோத் பரத்வாஜோட மனைவி பேரு அது. 1994ல சிஸ்கோ அதை வாங்கிடுச்சு.

மாமா வீட்டுச் சுவிட்ச் பிஓஇ வகை. அதே ஒயர்லயே கேமராவுக்குக் கரண்டும் போயிடும், தனியா பிளக் வேண்டாம். சாயங்காலம் நானும் பெரியவரும் அதுக்கு முன்னால உக்காந்தோம். அவர் டார்ச் பிடிச்சுக்கிட்டு ஒரு வார்த்தை பேசலை. இருட்ட இருட்ட, கேமரா ஒவ்வொண்ணா 'டிக்'குன்னு சத்தம் போட்டு, ராத்திரியில பாக்கறதுக்கான சிவப்பு எல்இடியைப் போட்டுது. கொஞ்ச நேரத்துல ஏழு, எட்டு போர்ட் விளக்கு போச்சு. பொட்டி ஓரத்துல 'மேக்ஸ்'னு ஒரு சிவப்பு லைட் எரிஞ்சுது.

அப்புறம்தான் பொட்டியைத் திருப்பி லேபிளைப் படிச்சேன் (முதல்லயே படிச்சிருக்கணும்). மொத்தம் 60 வாட்ஸ். கேமரா ஒண்ணுக்கு அதிகபட்சம் 9 வாட்ஸ்னு போட்டிருக்கு. எட்டு ஒம்போது எழுபத்திரண்டு! பகல்ல எல்இடி எரியாது, பாதி வாட்ஸ்ல ஓடிடும். இருட்டினதும் பத்தாமப் போயி, சுவிட்ச் கடைசி ரெண்டு போர்ட்டைக் கழட்டி விட்டுடுது. முதல் ரெண்டு கேமரா ஒயரை உருவினேன். ஏழும் எட்டும் உயிர் வந்து எந்திரிச்சுது.

மாமாவைக் கூட்டிட்டு வந்து அவர் கையாலயே உருவச் சொன்னேன். ரெண்டு தடவை உருவிப் பாத்தார். மன்னிப்பெல்லாம் கேக்கலை. "கணக்கு முடிக்க வெச்ச பணம் இருக்கு, அதுல புதுசு வாங்கிட்டு வா மாப்ள"ன்னார்.

மறுநாள் சேலம் அஞ்சு ரோடு பக்கம் ஒரு கடை. "எட்டு போர்ட் பிஓஇ" ன்னதும் அதே மாதிரி இன்னொரு பொட்டியை எடுத்து நீட்டறாங்க. போர்ட் எத்தனைன்னு கேக்கறவங்க மொத்தம் எத்தனை வாட்ஸ்னு கேக்கறதே இல்லை போல. 2003ல வந்த 802.3ஏஎஃப் கணக்குல ஒரு போர்ட் 15.4 வாட்ஸ் வரைக்கும் குடுக்கும், ஆனா எல்லா போர்ட்டும் ஒரே நேரத்துல அவ்வளவு குடுக்கும்னு யாரும் சத்தியம் பண்ணலை. நான் 120 வாட்ஸ் வாங்கினேன். கிகாபிட் வேணுமான்னா, கேமரா ஒண்ணு 4 எம்பிபிஎஸ் அனுப்பினா எட்டுக்கும் 32தான், கேமரா போர்ட்டுக்கு 100 தாராளம். ரெக்கார்டருக்குப் போற போர்ட் மட்டும் கிகாபிட்டா இருந்தா நல்லது. அந்தக் காசுல நல்ல கேபிள் வாங்கலாம். பழைய ஒயரைக் கத்தியால சுரண்டினா உள்ள வெள்ளையா அலுமினியம், மேல செம்புப் பூச்சு. தூரத்துல இருக்கிற கேமராவுக்குக் கரண்ட் வழியிலேயே தேஞ்சு போகும். ஒரே இழுவையில 100 மீட்டரைத் தாண்டக்கூடாதுங்கறதையும் பையன் கண்டுக்கலை. கடைசி ஷெட்டுக்கு நடுவுல இன்னொரு சின்னச் சுவிட்ச் போட வேண்டியதாச்சு.

அன்னைக்கு ராத்திரி எட்டும் எரிஞ்சுது. முட்டைக் கணக்கு மட்டும் இன்னும் உதைக்குதாம்.

கிளம்பறப்ப பெரியவர் கேட்டுக்கிட்ட வந்தார். "தம்பி, அந்தச் செவப்பு லைட்டு மறுக்கா எரிஞ்சா உங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லோணுமுங்களா?"