ஹுமாயூன் சமாதியில் ஒரு விளக்கு மாடம்

டில்லியில் வாழும் நம் குடும்பங்கள் சில, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஹுமாயூன் சமாதிக்குச் சென்றிருந்தோம். காலையில் செல்பவர்கள் அங்கே காணவேண்டியதைக் காணாமலே திரும்புவர் என்பது எங்கள் கருத்து.

1556-இல் நூலகப் படிகளில் இடறி வீழ்ந்து மாண்ட மன்னருக்கு, அவர் மனைவி ஹாஜி பேகம் எழுப்பிய கட்டடம் இது. மீரக் மீர்ஸா கியாஸ் என்னும் பாரசீகக் கலைஞர் வகுத்தது; 1572 அளவில் நிறைவுற்றது. செந்நிறக் கல்லையும் வெண்பளிங்கையும் புகழாத வழிகாட்டி நூல் இல்லையாதலால், அவற்றை விடுத்து உள்ளே செல்வோம்.

உடன் வந்த பாட்டியார் ஒருவர் வாயிலிலேயே நின்றுவிட்டார். "பிணம் புதைத்த இடம். உள்ளே வந்தால் தலை முழுக வேண்டும். நீங்கள் போய் வாருங்கள்" என்றார். வற்புறுத்த மனம் வரவில்லை.

எண்கோண மண்டபத்தின் நடுவே ஆடம்பரமற்ற பளிங்குக் கல்லறை ஒன்றே உள்ளது. உடலோ கீழே நிலவறையில். மேற்குப் பக்கத்துப் பளிங்குச் சாளரத்தில் மிஹ்ராப் வடிவம் ஒன்று அமைந்திருக்கிறது. மக்காவின் திசையைத் தொழுவோர்க்குக் காட்டும் மாடமே மிஹ்ராப். குர்ஆனின் 24-ஆம் அத்தியாயத்து வாசகங்களை அதில் பொறிப்பது மரபு. 'நூர்', அதாவது ஒளி என்பதே அவ்வத்தியாயத்தின் பெயர். இறைவனின் ஒளிக்கு மாடத்துள் வைத்த விளக்கை உவமை கூறும் வசனம் அதில் உண்டு. இங்கோ எழுத்தே இல்லை. மாடத்தின் கோட்டுருவம் மட்டும். அதனூடே மாலை வெயில் தானே உள்ளே வருகிறது. சொல்லைப் பொறிக்கவேண்டிய இடத்தில் பொருளையே வரவழைத்துவிட்டார்கள்!

இதில் பக்தி மட்டுமே உண்டென்று நாங்கள் கருதவில்லை. அரசுரிமை இறைவனிடமிருந்து வரும் ஒளி என்று பின்னர் அபுல் பஸல் எழுதினார். ஜஹாங்கீர் காலத்து ஓவியர்களோ, ஐரோப்பியர் கொணர்ந்த கிறிஸ்தவப் படங்களைக் கண்டு, மன்னர் தலைக்குப் பின்னும் ஒளிவட்டம் தீட்டினர். மக்காவின் திசை ஒளியை மன்னரின் கல்லறை மண்டபத்துக்குள் அழைத்ததிலும் அந்தப் பெருமிதம் கலந்தேயிருக்கும்.

திரும்பிப் பார்த்தால் பாட்டியார் எங்கள் பின்னே நிற்கிறார்! எப்போது வந்தாரோ, தெரியாது. சாளரத்தை நெடுநேரம் நோக்கியவர், "எங்கள் ஊர் வீட்டுத் திண்ணை மாடம் போலவே இருக்கிறதே. இங்கு வந்த நாளாய் மாடத்தில் விளக்கு வைக்கவில்லை. இந்த ஊர்ச் சுவர்களில் மாடம் ஏது?" என்றார்.

நேரமாயிற்றென்று காவலர் வந்து சொல்லும்வரை அவர் அங்கிருந்து நகரவில்லை. வீடு திரும்பியபின் தலை முழுகினாரா என்று கேட்க எங்களில் எவருக்கும் துணிவு வரவில்லை.