சங்கட்டியும் வெள்ளை மாளிகையும்



இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். கடைசியில் ஒரு சமையல் குறிப்பும் இருக்கிறது. நடுவில் என்னுடைய ஒரு தப்பும் இருக்கிறது.

அமெரிக்காவில் பிப்ரவரி மாதம் மூன்றாவது திங்கட்கிழமை அதிபர்கள் தினம். டெக்சாஸில் இருக்கும் என் பேத்தி நான்காம் வகுப்பு படிக்கிறாள். அதிபர்களுக்குப் பிடித்த சாப்பாட்டைப் பற்றி அவள் வகுப்பில் ஒரு ப்ராஜெக்ட் கொடுத்திருந்தார்கள். வீடியோ காலில் வந்து, "பாட்டி, நீங்க டீச்சர்தானே, ஹெல்ப் பண்ணுங்க" என்றாள். ரிட்டயர் ஆன டீச்சரை யாராவது பாடம் சொல்லிக் கொடுக்கக் கூப்பிட்டால் விடுவோமா? இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். சிரிப்பாகவும் இருந்தது, ஆச்சரியமாகவும் இருந்தது.

ரொனால்ட் ரீகனுக்கு ஜெல்லி பீன்ஸ் என்ற மிட்டாய் இல்லாமல் முடியாதாம். பைப் புகைக்கும் பழக்கத்தை விடுவதற்காகச் சாப்பிட ஆரம்பித்தவர், கடைசி வரை விடவில்லை. 1981-ல் அவர் பதவியேற்றபோது அமெரிக்கக் கொடியின் மூன்று நிறத்திலும் மிட்டாய் வேண்டுமே என்று, நீல நிறத்துக்காகவே புளூபெர்ரி சுவையில் புதிதாக ஒன்றைச் செய்தார்களாம். அந்த விழாவுக்குப் போனது மூன்றரை டன்!

மூத்த புஷ் இருந்தாரே, அவருக்கு ப்ரோக்கோலி என்றாலே ஆகாது. சின்ன வயதில் அம்மா கட்டாயப்படுத்தி ஊட்டினார், இப்போது நான் அதிபர், இனிமேல் சாப்பிட மாட்டேன் என்று 1990-ல் நிருபர்களிடமே சொல்லிவிட்டார். கோபப்பட்ட விவசாயிகள் டன் கணக்கில் ப்ரோக்கோலியை லாரியில் ஏற்றி வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள்.

நிக்சன், உதிரியான பாலாடைக்கட்டியின் மேல் தக்காளி கெட்சப்பை ஊற்றிச் சாப்பிடுவாராம். 1974-ல் பதவி விலகுவதற்கு முன் வெள்ளை மாளிகையில் அவர் கடைசியாகச் சாப்பிட்ட மதிய உணவுகூட அந்தப் பாலாடைக்கட்டியும் அன்னாசித் துண்டுகளும் ஒரு டம்ளர் பாலும்தான். அந்தத் தட்டைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்கள்.

என் பேத்தியின் மாநிலத்துக்காரர் லிண்டன் ஜான்சன். இறைச்சி, மிளகாய்த்தூள், சீரகம், தக்காளி எல்லாம் போட்டுக் கொதிக்க வைக்கும் 'சில்லி' அவருக்கு உயிர். அதன் செய்முறையைக் கேட்டு எக்கச்சக்கமாகக் கடிதங்கள் வந்ததால், அவர் மனைவி அதை அட்டையில் அச்சடித்தே அனுப்பிக்கொண்டிருந்தாராம். தன் ஊர் ஆற்றின் பெயரையே அந்தச் சில்லிக்கு வைத்திருந்தார்கள்.

இதையெல்லாம் சொல்லி நானும் பேத்தியும் சிரித்துக்கொண்டிருந்தபோது என் மகள் பக்கத்தில் வந்தாள். "அம்மா, இவ்வளவு பேசறாளே, இவ டப்பாவுல எலுமிச்சை சாதம் வைச்சா திருப்பிக் கொண்டு வந்துடறா. பக்கத்துப் பொண்ணு மூக்கைப் பிடிச்சுதாம். தினமும் மேக்ரோனிதான் வேணுமாம்" என்றாள்.

பேத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் திட்டவில்லை. மேக்ரோனிக்கும் ஒரு கதை இருக்கிறது என்றேன். மூன்றாவது அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் ஐரோப்பாவில் மேக்ரோனியைச் சாப்பிட்டுப் பார்த்து, அதைச் செய்யும் இயந்திரத்தையே வரவழைத்தவர். 1802-ல் அவர் கொடுத்த ஒரு விருந்தில் மேக்ரோனியைப் பரிமாறினார்கள். விருந்துக்கு வந்த ஒருவர் அதை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, நெடி அடிக்கிறது, நன்றாகவே இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார். அன்றைக்கு வெள்ளை மாளிகையிலேயே முகம் சுளித்தார்கள், இன்றைக்கு அமெரிக்கக் குழந்தைகளின் டப்பாவெல்லாம் அதுதான்.

இன்னொன்றையும் அவளுக்குச் சொன்னேன். ஜெஃபர்சனின் சமையல்காரர் ஜேம்ஸ் ஹெமிங்ஸ் ஓர் அடிமை. பாரிசுக்குக் கூட்டிப்போய் பிரெஞ்சு சமையல் பழக்கினார்கள். தனக்குத் தெரிந்ததைத் தம்பிக்குக் கற்றுக்கொடுத்த பிறகுதான், 1796-ல் அவருக்கு விடுதலை கிடைத்தது. ருசித்தவர் பெயர் எல்லோருக்கும் தெரியும், சமைத்தவர் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

உடனே பேத்தி கேட்டாள்: "நம்ம ஊர்ல அந்த மாதிரி பெரியவங்க யாராவது இருக்காங்களா பாட்டி?"

இல்லாமலா? ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி, சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரல். அந்தப் பதவிக்கு வந்த ஒரே இந்தியரும் அவர்தான். உங்களில் சிலரை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டியது ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சின்ன வீட்டில் பிறந்தவர், 1948-ல், இன்றைக்கு நாம் ராஷ்டிரபதி பவன் என்று சொல்லும் டெல்லி மாளிகைக்குக் குடிபோனார். நாட்டில் உணவுப் பஞ்சம். மாளிகையின் நிலத்தில் ஒரு பகுதியைத் தானே ஏர் பிடித்து உழுது, தானியம் விளைவிக்க ஒதுக்கினார். பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில்கூட குரோட்டன்ஸ் வைக்கிற நமக்கு இது பெரிய விஷயம். (அவருடைய 1953-ம் வருடத்துக் கல்வித் திட்டம் எனக்கு உடன்பாடில்லாத ஒன்று. அதை இன்னொரு நாள் பேசுவோம்.)

அவர் வெள்ளை மாளிகைக்கும் போயிருக்கிறார். 1962 செப்டம்பரில், 83 வயதில். பால் சேர்த்த மீன் சூப்பை விரும்பிச் சாப்பிடும் கென்னடி அப்போது அதிபர். நம் ஊர்க்காரரோ சுத்த சைவம். ஆனால் அவர் போனது விருந்துக்கு இல்லை, அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்ல.

அப்புறம் அப்துல் கலாம் ஐயா. சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அம்மா வாழையிலை போட்டு, சோறும் சாம்பாரும் ஊறுகாயும் தேங்காய்ச் சட்னியும் பரிமாறச் சாப்பிட்டதைத் தன் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். நாட்டின் முதல் குடிமகனாக ஆனவருக்கு அம்மாவின் சமையலறையைச் சொல்ல எந்தக் கூச்சமும் இல்லை.

இதைச் சொல்லிவிட்டு போனை வைத்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தலை குனிந்த பேத்தியின் முகம் வேறொரு முகத்தைக் கொண்டுவந்துவிட்டது. இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லாதது. இன்றைக்குச் சொல்கிறேன்.

1988. ஓசூர்ப் பக்கம் ஒரு பஞ்சாயத்து யூனியன் பள்ளி. நான் காவிரிக்கரையில் பிறந்தவள், ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்காக இங்கே வந்தவள். எனக்குச் சோறு என்றால் அரிசிதான். சிப்காட் வளர்ந்துகொண்டிருந்த சமயம். மதுரை, திருநெல்வேலி, வேலூர் என்று எங்கிருந்தெல்லாமோ கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் உள்ளூர்ப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் சிலர் தெலுங்கு, சிலர் கன்னடம், சிலர் தமிழ்.

நான்காம் வகுப்பில் சரிவிகித உணவு பாடம். பாடத்தை உயிரோட்டமாக நடத்துவதாக நினைத்துக்கொண்டு, "காலையில என்ன சாப்பிட்டீங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றேன். இட்லி, தோசை, உப்புமா என்று வந்தது. மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் எழுந்து, சத்தமாக, சந்தோஷமாக, "சங்கட்டி டீச்சர்!" என்றான்.

ராகிக் களியைத்தான் தெலுங்கு வீடுகளில் சங்கட்டி என்பார்கள். கன்னட வீடுகளில் முத்தெ. உருண்டை ஒன்றுதான்.

பின்னாலிருந்து ஒரு பிள்ளை, "மாட்டுக்கு வைக்கிறதா?" என்றது. வகுப்பே சிரித்தது.

நானும் சிரித்துவிட்டேன்.

அதோடு விட்டேனா? சத்தான உணவு என்று தலைப்புப் போட்டு, இட்லி, பால், முட்டை, ஆப்பிள் என்று கரும்பலகையில் எழுதினேன். ஆப்பிளைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகளுக்கு ஆப்பிள். சுற்றிலும் ராகி விளைகிற ஊரில், ராகி என்ற இரண்டெழுத்தை மட்டும் நான் எழுதவில்லை.

மறுநாள் கேட்டபோது அவன் "இட்லி டீச்சர்" என்றான், மெதுவாக. அதற்கு அடுத்த நாளும் இட்லி. நான் 'குட்' சொன்னேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, பிரார்த்தனைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தான். தண்ணீர் தெளித்து, சாயங்காலம் நானே வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அவன் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். "டீச்சரம்மா, கொஞ்ச நாளா காலையில சங்கட்டி வேணாங்கறான். இட்லி கேட்டு அழறான். நாங்க இட்லிக்கு எங்க போவோம்? யுகாதிக்கும் சங்கராந்திக்கும்தான் ஊறப்போடறது. ஒண்ணும் சாப்பிடாமலே பள்ளிக்கூடம் வந்துடறான்" என்றார். என்னைக் குற்றம் சொல்லவில்லை. காரணம் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. பையனுக்குத் தெரியும். சொல்லவில்லை.

சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்தார். சுடச்சுட ஓர் உருண்டை, நடுவில் குழித்து பிதுக்குப் பருப்புக் குழம்பு. நான் மென்றேன், பல்லில் ஒட்டியது. அவர் சிரித்துக்கொண்டே, "மெல்லக் கூடாது டீச்சரம்மா, குழம்புல தொட்டு அப்படியே முழுங்கணும்" என்று சொல்லிக் கொடுத்தார். அன்றைக்கு டீச்சர் அவர்தான். அவ்வளவு ருசியான சாப்பாட்டை அதற்கு முன் நான் அந்த ஊரில் சாப்பிட்டதில்லை.

மறுநாள் வகுப்பில், நேற்று இவன் வீட்டில் சங்கட்டி சாப்பிட்டேன், நன்றாக இருந்தது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. கரும்பலகையில் ராகி என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. டீச்சர் சொன்னது தப்பு என்று பிள்ளைகளிடம் ஒப்புக்கொள்ள அன்றைக்கு எனக்குத் தைரியம் இல்லை. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பதை மட்டும் நிறுத்திக்கொண்டேன். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் அவன் வேறு ஊருக்குப் போய்விட்டான்.

1996-ல் பக்கத்து மாநிலத்து தேவே கவுடா பிரதமரானார். அவருடைய ராகி முத்தெ பற்றி டெல்லியில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பையன் ஞாபகம் வந்தது. 2023 சர்வதேச சிறுதானிய ஆண்டு. அந்த ஜூன் மாதம் 22-ம் தேதி, நம் பிரதமருக்கு வெள்ளை மாளிகையில் கொடுத்த விருந்தில் முதல் தட்டே சிறுதானியமும் சோளமும் சேர்த்த சாலட். டி.வி.யில் பார்த்தபோது பெருமைப்பட முடியவில்லை, கண் கலங்கியது. மாடு தின்கிறது என்று நாங்கள் சிரித்த தானியக் கூட்டத்துக்கு அங்கே வெள்ளித்தட்டு.

நூறு கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே அளவு பாலில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல். அன்றைக்கு வகுப்பிலேயே மிகச் சத்தான காலை உணவைச் சாப்பிட்டு வந்தவன் அவன்தான். பெரியவர்கள் கெட்சப் ஊற்றித் தின்றால் அது சுவாரசியமான செய்தி, ஏழைப் பிள்ளை களி தின்றால் அது கேலி. அந்தக் கேலிக்கு நானும் துணை போனேன்.

ஜான்சன் வீட்டம்மா சில்லிக்கு அட்டை அச்சடித்தார் இல்லையா? இது அந்த அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தது:

நொய்யரிசி கால் டம்ளர், ராகி மாவு ஒரு டம்ளர், தண்ணீர் மூன்று டம்ளர், உப்பு. தண்ணீர் கொதித்ததும் உப்பும் நொய்யும் போட்டுக் குழைய வேகவிடுங்கள். மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, கிண்டாமல், கரண்டிக் காம்பால் நடுவில் ஒரு குழி மட்டும் போட்டு, சிறுதீயில் மூடி வையுங்கள். எட்டுப் பத்து நிமிடம் கழித்து இறக்கி, பாத்திரத்தைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு (துணி சுற்றிக்கொள்ளுங்கள்!) கட்டையால் கட்டி இல்லாமல் கிண்டுங்கள். கையை நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். ஈரக் கையால் உருட்டி, கீரைக் கடைசலோடோ பிதுக்குப் பருப்புக் குழம்போடோ சாப்பிடுங்கள். மெல்லாதீர்கள்.

பேத்திக்கும் இந்தக் கதையைச் சொன்னேன். பெரிய டீச்சர் தப்புச் செய்ததைக் கேட்டு அவளுக்கு ஒரே ஆச்சரியம். ப்ராஜெக்ட் அட்டையின் கடைசியில் இடம் இருந்ததாம், ஓர் உருண்டை படம் வரைந்து சங்கட்டி என்று தமிழில் எழுதியிருக்கிறாள். நேற்று எலுமிச்சை சாத டப்பா காலியாக வந்ததாம். எல்லாம் அவளே சாப்பிட்டாளா, கொட்டினாளா என்று என் மகளுக்குச் சந்தேகம். நான் நம்புகிறேன்.

உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள், பலருக்கு வளர்ந்த பிள்ளைகள். ஒரு குழந்தை தன் வீட்டுச் சாப்பாட்டின் பெயரைச் சொல்லும்போது உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் நம் வாயைவிட முகத்தைத்தான் படிக்கிறார்கள்.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்கும். யார் மூலமாவது இது உன் கண்ணில் பட்டால், தம்பி, உன் டீச்சரை மன்னித்துவிடு. அம்மா நலமா? முடிந்தால் ஒரு வரி எழுது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்