அடுப்பும் கணினியும்

எமது அன்னையாரின் ஆட்டைத் திவசத்திற்கு மூன்று தினங்களே எஞ்சியிருந்தன. அவர் பேசியுஞ் சிரித்தும் நடமாடிய காட்சிகள் வீட்டாரின் கைத்தொலைபேசிகளிலே சிதறிக் கிடந்தன. அவற்றை ஒரு மணி நேர வீடியோவாக்கி இனத்தவருக்குக் காட்டுவதென்றும், வரவியலாது கனடாவிலிருக்கும் தங்கைக்கு அனுப்புவதென்றும் எண்ணினோம். காட்சிகளைக் கோத்து முடித்தோம். அவற்றை ஒரே கோப்பாக்கும் 'ரெண்டரிங்' என்னும் வேலை மாத்திரமே மிகுதியாயிருந்தது.

சித்திரை மாதத்து யாழ்ப்பாண வெயில் எத்தகையதென்பதை வாசகர் அறிவர். நண்பகலிலே வேலையைத் தொடக்கிவிட்டு உணவருந்தச் சென்றோம். மீண்டபோது கணினி அணைந்திருந்தது. மறுபடியும் தொடக்கினோம், பாதியிலே மறுபடியும் அணைந்தது. வெப்பங் காட்டும் மென்பொருளை மகன் இயக்கிப் பார்த்தான். புரொசெசரின் சூடு 100 பாகை செல்சியசைத் தொட்டு நின்றது.

கடிதம் எழுதும்போது புரொசெசர் பெரும்பாலும் ஓய்ந்தேயிருக்கும். ரெண்டரிங்கின்போதோ அதன் உறுப்புகள் யாவும் இடையறாது உழைக்கும். உட்கொள்ளும் மின்சாரமெல்லாம் ஈற்றில் வெப்பமாகவே வெளிப்படும். எல்லையை அணுகியதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாவிடின், கருகிப்போகாதிருக்கும் பொருட்டு அணைந்துவிடும். கணினி எம்மை வஞ்சிக்கவில்லை, தன்னைக் காத்துக்கொண்டது.

குற்றம் எம்முடையதே. காற்றுப் புகாத மேசையறையினுள்ளே அதனை அடைத்து வைத்திருந்தோம். மின்னிணைப்பைக் கழற்றிவிட்டுத் திறந்து பார்த்தபோது, வெப்பத்தை வெளியேற்றும் தகடுகளின் இடையெல்லாந் தூசி கம்பளிபோற் படிந்திருந்தது. விசிறி சுழலாதவாறு விரலாற் பிடித்துக்கொண்டு தூரிகையாற் சுத்தஞ் செய்தோம். காய்ந்துபோன வெப்பப் பசையை வழித்தெடுத்து, பயறளவு புதுப் பசை இட்டோம். பெட்டியை வெளியே எடுத்து, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தோம். சூடு 88 பாகைக்கு இறங்கிற்று.

எனினும், அறைக் காற்றே சூடாயிருக்கையில் விசிறி என்ன செய்யும்? ஆதலால் விண்டோஸின் மின்வலு அமைப்பிலே புரொசெசரின் உச்ச அளவை 100 வீதத்திலிருந்து 99 ஆக்கினோம். பல கணினிகளில் இச்சிறு மாற்றமே புரொசெசரின் மிகைவேகத்தை நிறுத்திவிடும். அதிகாலை 3 மணிக்கு, குளிர்ந்த வேளையிலே, மீண்டுந் தொடக்கினோம். சூடு 76 பாகையைத் தாண்டவில்லை. நேரம் கூடுதலாகத்தான் சென்றது; ஆயினும் விடிந்தபின் வேலை முழுமையாக முடிந்திருந்தது.

ஓடவிட்டுப் பார்த்தோம். அடுப்படியிலே பயற்றம் பணியாரஞ் சுடும் மருமகளுக்கு அன்னையார் சொல்லிக்கொண்டிருந்தார்: "நெருப்பைக் குறை பிள்ளை. ஆறுதலாய்ச் சுடு. அவசரப்பட்டால் வெளி கருகும், உள் வேகாது."

எமது இல்லாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகன் கணினியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அன்று காலையே கோப்பைத் தங்கைக்கு அனுப்பினோம். இப்பொழுது அந்தப் பெட்டி காற்றோட்டமுள்ள சாளரத்தருகிலே இருக்கிறது. மாதமொருமுறை அதன் தூசி தட்டுகிறோம்.